பின் இடது கதவு

ஒரு காரில் எந்தக் கதவோட கைப்பிடி முதல்ல உடையும்? டிரைவர் கதவுன்னுதான் உங்களுக்குச் சொல்லத் தோணும். சொந்த வண்டியில் அது சரியாகக்கூட இருக்கலாம். வாடகைக்கு ஓடுற மஞ்சள் போர்டு வண்டின்னா என் பதில் பின் இடது கதவு. நம்ம நாட்டில் வண்டி ரோட்டோட இடது ஓரத்தில் நிற்கும். ஏறுறவங்க இறங்குறவங்க எல்லாரும் அந்தப் பக்கமாத்தான் வருவாங்க. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒருத்தர், கைக்குழந்தையோட ஒருத்தர், உள்ளே லாக் போட்டிருக்கிறது தெரியாம வெடுக் வெடுக்குனு நாலு தடவை இழுக்கிறவர் ஒருத்தர். அத்தனை பேர் கையும் அந்த ஒரு கைப்பிடியில்.

எங்க அப்பா வண்டியிலும் அதுதான் உடைஞ்சது. ஊர் மல்லாங்கிணறு. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவில் இருக்கிற பேரூராட்சி. கவிதை படிக்கிறவங்ககிட்ட ஊர்ப் பேரைச் சொன்னா "தமிழச்சி தங்கபாண்டியன் ஊரா?"ம்பாங்க. மத்தவங்க "அது எங்க இருக்கு?"ம்பாங்க. கரிசல் மண், மானாவாரி வெள்ளாமை, திரும்பின பக்கமெல்லாம் சீமைக்கருவேலம். மழை பெய்தா மண்ணு செருப்போட ஒட்டிக்கிட்டு வீடு வரைக்கும் வரும். காய்ஞ்சா பொடியா எழும்பி இண்டு இடுக்கெல்லாம் போய் உட்காரும். அந்தப் பொடியை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

வண்டி, பதினோரு வயசான வெள்ளைச் சின்னக் கார். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை. பதினோரு வருஷம் உழைச்ச பிளாஸ்டிக்கை நான் குறை சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்கும் இந்தக் கதவுக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கு. சொந்த வண்டி வாங்குறதுக்கு முன்னாடி 17 வருஷம் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு முதலாளிகிட்ட டிரைவரா இருந்தார். முதலாளிங்க கார்ல எங்கே உட்காருவாங்கன்னு கவனிச்சிருக்கீங்களா? டிரைவருக்கு நேர் பின்னாடி இல்ல, கோணலா எதிர் மூலையில். பின் இடது. வண்டி நின்னதும் டிரைவர் இறங்கி, பானட்டைச் சுத்தி ஓடி வந்து, அந்தக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிற்கணும். முதல்ல அம்பாசடர், அப்புறம் வேற வேற வண்டி. வண்டி மாறினாலும் கதவு மாறலை. 2018-ல் கடன் போட்டு இந்த செகண்ட் ஹேண்ட் வண்டியை வாங்கினப்போ அப்பா அம்மாகிட்ட சொன்னாராம், "இனி எவன் கதவையும் நான் திறக்க வேண்டியதில்ல." அம்மா இதை எனக்குப் பத்து தடவையாவது சொல்லியிருக்காங்க.

போன வருஷம் ஜனவரியில் கைப்பிடி உடைஞ்சது. அதிலிருந்து அவர் மறுபடி கதவு திறக்க ஆரம்பிச்சார். ஆள் வந்ததும் இறங்குவார், வலது பின்கதவைத் திறந்து உள்ளே குனிஞ்சு, சீட்டுக்குக் குறுக்கே கையை நீட்டி இடது கதவை உள்ளேயிருந்து தள்ளிவிடுவார். சில பேர் "ஏன்ணே, சரி பண்ணக் கூடாதா?"ன்னு கேப்பாங்க. சில பேர் கேக்க மாட்டாங்க. அவங்களுக்கு அது பிடிச்சுப் போச்சு.

செமஸ்டர் லீவுக்கு ஜூன்ல நான் ஊருக்கு வந்தப்போ அஞ்சு மாசம் ஆகியிருந்துச்சு. ஏன்பா மாத்தலைன்னு கேட்டேன். "உள்ளே இருந்து திறக்குதுல்ல தம்பி"ன்னார். உண்மையான காரணம் அது இல்லைன்னு எனக்குத் தெரியும். டிங்கரிங் பட்டறையில் விட்டா கைப்பிடி மாத்தி, பெயின்ட் அடிச்சு, காய வச்சுக் கொடுக்க ரெண்டு நாள். ரெண்டு நாள் ஓட்டம் போச்சுன்னா டியூவுக்கு எங்கே போறது? மெக்கானிக்கல் படிக்கிற பையன் வீட்டில் சும்மா உட்கார்ந்து போனை நோண்டிக்கிட்டு இருக்கான். நானே பண்றேன்னுட்டேன்.

முதல்ல ஒரு விஷயம். வெளிக் கைப்பிடிக்கும் கதவு சாத்தியிருக்கிறதுக்கும் சம்பந்தமே கிடையாது. கதவைப் பிடிச்சு வச்சிருக்கிறது உள்ளே இருக்கிற லாக். கைப்பிடியை இழுத்தா ஒரு மெல்லிசான கம்பி, மெக்கானிக் பாஷையில் ராடு, அந்த லாக்கைத் தட்டி விடும். அவ்வளவுதான் அதோட வேலை. அதனால கைப்பிடி உடைஞ்சா ஓடுற வண்டியில் கதவு திறந்துக்காது. இந்த நிம்மதியிலதான் நிறையப் பேர் மாசக்கணக்கா அப்படியே ஓட்டுறாங்க.

ஆபத்து வேற பக்கம் இருக்கு. பின்கதவைத் திறந்து அதோட ஓரத்தைப் பாருங்க, விரல் நுனி அளவுக்கு ஒரு நெம்பு இருக்கும். சைல்டு லாக். அதைப் போட்டா உள் கைப்பிடி வேலை செய்யாது, வெளியே இருந்துதான் திறக்கணும். வெளிக் கைப்பிடியும் உடைஞ்சிருந்தா? அந்தக் கதவு கதவே இல்லை, சுவர். யாரோ ஒரு சின்னப் பையன் இறங்குறப்போ விளையாட்டா அந்த நெம்பைத் தள்ளிட்டாப் போதும். பெண்கள் பாதுகாப்புக்காக 2019 ஜூலையிலிருந்து வர்ற புது டாக்ஸிகளில் சைல்டு லாக்கே கூடாதுன்னு மத்திய அரசு விதி போட்டுச்சு. எங்க வண்டி அதுக்கு முந்தினது.

விபத்துன்னா இன்னும் மோசம். ஓடி வர்றவங்க முதல்ல பிடிச்சு இழுக்கிறது வெளிக் கைப்பிடியைத்தான். கதவோட மட்டமா உள்ளே பதுங்கிக்கிற மாதிரி ஸ்டைலா இப்ப கைப்பிடி வருதில்ல, எக்ஸ்யூவி 700-ல பார்த்திருப்பீங்க, அந்த வகையில் மின்சாரத்தை மட்டும் நம்புற டிசைன்கள் உலகம் முழுக்க விவாதமாகிடுச்சு. விபத்தில் கரன்ட் போய், வெளியே நிக்கிறவங்களால திறக்க முடியாத சம்பவங்கள் நடந்திருக்கு. சீனாவில் 2027 ஜனவரி 1 முதல் புதுக் கார்களில் உள்ளேயும் வெளியேயும் கையால இயங்குற மெக்கானிக்கல் திறப்பு கட்டாயம். கோடிக்கணக்கில் செலவழிச்சு டிசைன் பண்ணினவங்க, கடைசியில் நம்ம ஊர் டாக்ஸி கைப்பிடிகிட்டதான் திரும்பி வந்திருக்காங்க.

சரி, கதவைப் பிரிச்ச கதைக்கு வர்றேன். கண்ணாடியை முழுசா ஏத்திடணும். உள் கைப்பிடிக்குப் பின்னாடி ஒரு ஸ்க்ரூ, கை வைக்கிற இடத்தில் ரெண்டு, சின்ன மூடி போட்டு மறைச்சிருப்பாங்க. அதுக்கப்புறம் டோர் பேடைச் சுத்தி பிளாஸ்டிக் கிளிப்புகள். கீழ் மூலையிலிருந்து நெம்பிக்கிட்டே வரணும். பழைய கிளிப் நாலில் ஒண்ணு உடையும், அதனால கைப்பிடி வாங்குறப்பவே பத்து கிளிப்பும் வாங்கிக்கோங்க. பேடுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட் கறுப்புப் பசையில் ஒட்டியிருக்கும். அதைக் கிழிச்சு எறிஞ்சுடாதீங்க. கண்ணாடி இடுக்கு வழியா கதவுக்குள்ளே இறங்குற மழைத்தண்ணி சீட் பக்கம் வராம தடுக்கிறது அதுதான். மெதுவா உரிச்சு, அதே பசையில் திரும்ப ஒட்டலாம். அதைத் தாண்டினா ஓட்டை வழியா கையை விட்டு, பத்தாம் நம்பர் ஸ்பானரில் ரெண்டு போல்ட். கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் பார்க்கணும். ராடைப் பிடிச்சிருக்கிற குட்டி கிளிப்பைத் திருப்பினா கைப்பிடி கையோட வந்துடும்.

வந்த கைப்பிடியைப் பார்த்ததும் எனக்கு வேலை மறந்து போச்சு. ஊர்ல எல்லாரும் சொன்ன காரணம், "வெயில்ல பிளாஸ்டிக் உளுத்துப் போச்சு." எங்க பக்கத்து வெயிலுக்கு அந்தக் குற்றச்சாட்டு பொருந்தத்தான் செய்யும். ஆனா உடைஞ்சது வெளியே தெரியுற இடம் இல்ல. ராடைத் தள்ளுற உள் கை, மூட்டோட சேர்ற முனை. வெயிலே படாத இடம். உடைஞ்ச முகத்தை வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தேன். முக்கால்வாசி கறுத்து, கரிசல் பொடி படிஞ்சு பழசா இருந்துச்சு. ஓரத்தில் கொஞ்சம் மட்டும் பளிச்சுனு புதுசு. அதாவது விரிசல் எப்பவோ விழுந்து, ஒவ்வொரு இழுப்புக்கும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்திருக்கு. ஜனவரியில் உடைஞ்சது அந்த மிச்ச ஓரம் மட்டும்தான்.

டிசைன் பாடத்தில் இதைப் படிச்சிருப்பீங்க. அகலமான தகட்டில் சின்ன வட்டத் துளை போட்டா, துளையோட விளிம்பில் தகைவு மூணு மடங்காகும். 1898-ல் கிர்ஷ் போட்ட கணக்கு. துளைக்குப் பதிலா கூர்மையான உள்மூலை இருந்தா இன்னும் மோசம். (தகைவுங்கிறது நாம 'ஸ்ட்ரெஸ்'னு எழுதுற அதே சமாசாரம்தான். நான் எல்கேஜியிலிருந்து இங்கிலீஷ் மீடியம், இந்த வார்த்தையைத் தேடித்தான் கண்டுபிடிச்சேன்.) அந்தக் கை மூட்டோட சேர்ற இடத்தில் வளைவே இல்லாம நேர்கோணமா இருந்துச்சு. இதை அப்பாகிட்ட விளக்கலாம்னு வாயைத் திறந்தேன். அவர் வாங்கிப் பார்த்து, "கழுத்துல போயிருக்கு"ன்னார். நான் ரெண்டு நிமிஷம் பேச நினைச்சது ஒரே வார்த்தையில் முடிஞ்சு போச்சு.

தூசிக்கும் பங்கு இருக்கு. மூட்டில் பொடி புகுந்து, அதோட ஆயிலும் சேர்ந்து களிம்பு மாதிரி ஆகியிருந்துச்சு. மூட்டு இறுகினா இழுக்கிற பலம் கூடும், அந்தப் பலமெல்லாம் கழுத்தில்தான் இறங்கும். இந்த மாதிரி ஊர்ல ஆயில், கிரீஸ் தடவுறதை விட சிலிக்கான் ஸ்ப்ரே நல்லது, தூசியைப் பிடிச்சு வைக்காது.

புதுக் கைப்பிடி விருதுநகரில் கிடைச்சது. கறுப்பு, பெயின்ட் இல்லாதது. அப்படியே மாட்டிடலாம்னு நினைச்சேன். கம்பெனிக்காரங்களே விலை குறைஞ்ச மாடலில் கறுப்புக் கைப்பிடிதானே போடுறாங்க? கறுப்புன்னா அச்சில் வார்க்கிறப்பவே கலர் சேர்த்தாச்சு, பெயின்ட் செலவு மிச்சம். 'பாடி கலர் கைப்பிடி'ங்கிறதை டாப் மாடல் நோட்டீஸில் ஒரு வசதியா அச்சடிக்கிறாங்க. கைப்பிடி திறக்கிற விதத்தில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

அஞ்சு மாசம் உடைஞ்ச கைப்பிடியோட ஓட்டின அப்பா, இதுக்கு ஒத்துக்கலை. "மூணு வெள்ளை, ஒண்ணு கறுப்புன்னா அடிபட்ட வண்டின்னு ஏறுறவன் நெனப்பான். ஆகஸ்ட்ல எஃப்.சி. வேற இருக்கு. அடிக்கிறதா இருந்தா அடி, இல்லாட்டி பட்டறையிலயே விட்டுறலாம்." எட்டு வருஷம் தாண்டின வாடகை வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கணும். அதுக்கு முன்னாடி வண்டியைப் பொண்ணு பார்க்க வர்ற வீடு மாதிரி துடைச்சு வைப்பாங்க டிரைவர்கள். நான் வாயை மூடிக்கிட்டேன்.

வெள்ளைதானே, கடையில் வெள்ளை ஸ்ப்ரே கேன் வாங்கி அடிச்சுட்டுப் போகலாம்னு உங்களுக்குத் தோணலாம். வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்குன்னு ஒரு பெயின்ட் கடைக்காரரைக் கேளுங்க. வண்டியில் ஒரு சின்ன தகட்டில் கலர் கோடு இருக்கும். அதைச் சொன்னா கம்பெனியிலிருந்து வந்த நாள் எந்த வெள்ளையோ அது கிடைக்கும். பதினோரு வருஷ வெயில் குடிச்ச வெள்ளை அது இல்ல. அதனால பெயின்டர்கள் டேங்க் மூடியைக் கழட்டி எடுத்துக்கிட்டுப் போவாங்க. ரெண்டு ஸ்க்ரூதான். நானும் டீசல் மூடியை மஞ்சப் பையில் போட்டுக்கிட்டு மதுரைக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் முதல்ல மூடியை காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சார். மேலே படிஞ்ச அழுக்கைப் பார்த்து கலர் கலக்கக் கூடாதாம். அப்புறம் கோடுபடி கலக்கி, துளி மஞ்சள், துளிக்கும் குறைவா கறுப்பு. வெள்ளைக்குள்ளே கறுப்பு விடுறதை அன்னைக்குத்தான் பார்த்தேன். ஒரு அட்டையில் தடவி மூடி பக்கத்தில் வச்சார். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரிஞ்சது. "டியூப் லைட்டுல எல்லாம் ஒண்ணாத்தான் தம்பி தெரியும், வெயிலுக்கு வாங்க"ன்னு வாசலுக்குக் கூட்டிட்டுப் போனார். வெளியே அட்டை லேசா நீலம் அடிச்சது. ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போற ரெண்டு கலர் இன்னொரு வெளிச்சத்தில் பிரிஞ்சு நிற்கும். மூணாவது தடவைதான் அவர் திருப்தியானார். அதை ஒரு கேனில் அடைச்சுக் கொடுத்தார். பிளாஸ்டிக் பிரைமரும் கிளியரும் தனித்தனிக் கேன்.

இந்த பிரைமரை விட்டுடாதீங்க. கைப்பிடியோட பின்பக்கம் சின்ன எழுத்தில் என்ன பிளாஸ்டிக்னு அச்சிருக்கும். எங்களோடது ஏபிஎஸ். பாலிபுரப்பிலீன்னு இருந்தா பெயின்ட் ஒட்டவே ஒட்டாது, அதுக்குன்னு இருக்கிற ஒட்டுப்பூச்சு முதல்ல அடிச்சே ஆகணும். எதுவா இருந்தாலும், அச்சிலிருந்து சுலபமா கழண்டு வரப் பூசின மெழுகு மேலே இருக்கும். பாத்திரம் கழுவுற சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்ச்சேன். தின்னரால துடைக்காதீங்க, ஏபிஎஸ்-ஐ அது கரைக்கும். கொரோனா காலத்து சானிடைசரும் வேண்டாம், அதில் கிளிசரின் இருக்கும், பிசுக்கு விடும். அப்புறம் 400 நம்பர் வாட்டர் பேப்பர், பிரைமர் காய்ஞ்சதும் 800.

அடுத்து நேரம். ஜூன் மாசம் எங்க ஊர்ல பகல் பத்து மணிக்கு ஸ்ப்ரே அடிச்சா என்ன ஆகும்னு பழைய தகர டப்பாவில் அடிச்சுப் பார்த்தேன். காத்துல போறப்பவே தின்னர் ஆவியாகி, பெயின்ட் பாதி வழியில் காய்ஞ்சு, மேலே மணல் மாதிரி உட்காருது. தடவினா உப்புத்தாள். சாயங்காலம் வெயில் குறையும், ஆனா காத்து எழும்பி தூசியைக் கொண்டு வரும். மிச்சம் இருக்கிறது விடியக்காலை. அதிலும் ஒரு நல்ல நேரம் இருக்கு. அம்மா வாசல் தெளிச்சு முடிச்ச உடனே. தண்ணி பட்டு தூசி படிஞ்சு கிடக்கும், காத்தும் இருக்காது. "கோலத்துல ஒரு சொட்டு விழுந்தாலும் கைப்பிடி குப்பைக்குப் போயிரும்"னு அம்மா எச்சரிச்சுட்டு உள்ளே போனாங்க.

டிவி வந்த அட்டைப்பெட்டியைப் படுக்க வச்சு, அதுக்குள்ளே கைப்பிடியைக் கம்பியில் தொங்கவிட்டேன். மூக்கை மூட மாஸ்க். ஒரு ஜாண் தூரம். கைப்பிடிக்கு வெளியே ஆரம்பிச்சு, தாண்டி வெளியே போய் விரலை எடுக்கணும். நடுவில் நிறுத்தினா வழிஞ்சிடும். முதல் கோட்டில் கறுப்பு தெரியத்தான் செய்யும், அதைப் பார்த்து மேலே மேலே அடிக்கத் தோணும், அடிக்கக் கூடாது. பத்து நிமிஷம் விட்டு அடுத்தது. மூணு கோட்டில் மூடிடுச்சு. வெள்ளைக்கு கிளியர் கட்டாயம்னு இல்ல, மெட்டாலிக் கலருக்குத்தான் கட்டாயம். ஆனா நாள் முழுக்க நகம் படுற இடமாச்சேன்னு ரெண்டு கோட் கிளியர் அடிச்சேன். அன்னைக்கும் மறுநாளும் கொசுவலைக்குள்ளே தொங்குச்சு. அப்பா அந்த ரெண்டு நாளும் வழக்கம்போல ஓட்டினார், கதவில் ஓட்டையை டேப் போட்டு மூடிக்கிட்டு.

மாட்டுறது கழட்டினதோட தலைகீழ். ஒண்ணே ஒண்ணுதான் முக்கியம். ராடை மாட்டினதும் கதவைச் சாத்திடாதீங்க. கதவு திறந்திருக்கிறப்பவே லாக்கோட நாக்கை ஸ்க்ரூடிரைவரால தள்ளி மூடுங்க. அப்புறம் கைப்பிடியை இழுத்துப் பாருங்க. நாக்கு விடுபட்டாத்தான் ராடு சரியா உட்கார்ந்திருக்கு. சரியில்லாம சாத்திட்டா, பேடு இல்லாத கதவு பூட்டின கதவாகிடும். நான் பத்து தடவை இழுத்துப் பார்த்தேன். அப்பா வந்து பதினொண்ணாவது தடவை இழுத்தார்.

நல்லா உத்துப் பார்த்தா புதுசு கொஞ்சம் மினுக்கும். மத்த மூணையும் காம்பவுண்ட் போட்டுத் தேய்ச்சதும் வித்தியாசம் போச்சு.

மறுநாள் அப்பாவோட நானும் முன்சீட்டில் போனேன். மல்லாங்கிணறிலிருந்து விருதுநகருக்கு வாரம் ரெண்டு தடவை வர்ற ஒரு வாடிக்கையாளர், கேக்காத ரகம். வண்டிகிட்ட வந்தார், பின் இடது கதவு பக்கத்தில் நின்னார். கையில் போன். நிமிர்ந்து பார்க்கலை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நேரா ரோட்டைப் பார்த்தார். நான் இறங்கிடலாமான்னு கதவுப் பக்கம் கையைக் கொண்டு போனேன். அப்பா என் முழங்காலில் லேசா தட்டினார். இரு.

எவ்வளவு நேரம்னு தெரியலை. எதிரே ஒரு டவுன் பஸ் வந்து நின்னு ஆள் ஏத்திக்கிட்டுப் போச்சு.

"சார், இப்ப வெளியேயே திறக்கும்"னார் அப்பா, திரும்பாமலே.

அவர் ஒரு நொடி கைப்பிடியைப் பார்த்தார். இழுத்தார், ஏறினார், சாத்தினார். கொஞ்சம் பலமாத்தான் சாத்தினார். விருதுநகர் வரைக்கும் யாரும் பேசலை. இறங்குறப்போ வாடகையை எண்ணிக் கொடுத்துட்டு, "கலர் நல்லா சேர்ந்திருக்கே, எந்தப் பட்டறை?"ன்னு கேட்டார். "பையன்தான்"னார் அப்பா. அடுத்த வாரமும் அவர் வந்தார்னு அம்மா போனில் சொன்னாங்க.

ஆகஸ்ட்ல எஃப்.சி. முடிஞ்சது. இப்ப முன் இடது கைப்பிடி லேசா ஆட்டம் காட்டுதாம். அதுவும் கழுத்துலதான் இருக்கும்னு நினைக்கிறேன். கேனில் பாதி வெள்ளை மிச்சம் இருக்கு. வெயில் படாத இடத்தில், அரிசிப் பானைக்குப் பின்னாடி வச்சிருக்கேன். பொங்கல் லீவுக்குப் போய்க் குலுக்கிப் பார்க்கணும்.